முதல் பெயர் யாருடையது?

ஹார்லெம், நியூயார்க்

125ஆம் தெருவில் உல்வர்த் கடை இப்போது இல்லை. எந்த இடத்தில் இருந்தது என்று நடைபாதையில் வாசனை எண்ணெயும் சாம்பிராணிக் குச்சியும் விற்றுக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டோம். "எந்த உல்வர்த்? எல்லா ஊரிலும் ஒன்று இருந்ததே" என்று சிரித்துவிட்டு, எங்கள் கையில் ஒரு பாட்டிலைத் திணித்தார். வாங்காமல் நகர முடியவில்லை. அந்தக் கடையில்தான் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் உளவியலாளர் கென்னத் கிளார்க் பொம்மைகளை வாங்கினார். ஒன்று ஐம்பது சென்ட். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த குழந்தைப் பொம்மைகள், இடுப்பில் ஒரு துணி மட்டும். சில பழுப்பு நிறம், கறுப்பு முடி; சில வெள்ளை நிறம், மஞ்சள் முடி. பழுப்புப் பொம்மை கிடைப்பதே அன்று அரிது.

என்னை அங்கே அழைத்துப் போனது என் அக்கா மகள். நியூயார்க்கில் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அவளுடைய பாடம், அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் குழந்தைகள். குவீன்ஸ் பகுதியில் வங்கதேசத்து வீட்டிலும் ஈக்வடார் வீட்டிலும் பத்து வயதுப் பிள்ளைதான் டாக்டரிடம் அம்மாவுக்கு என்ன வலி என்று சொல்லும், வீட்டுக்காரரின் நோட்டீஸைப் படித்துக்காட்டும். அது அந்தப் பிள்ளையின் மனத்தை என்ன செய்கிறது என்பது கேள்வி. வாஷிங்டனில் நடந்த மாணவ ஆய்வாளர் கூட்டம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. "போற வழியில எல்லாம் மேமி கிளார்க் ஊர்தான் சித்தி. நீங்களும் வாங்க, காரை எடுத்துக்கிட்டுத் தெற்கே வரைக்கும் போயிட்டு வந்துடலாம்" என்றாள்.

மேமி பிப்ஸ் கிளார்க், 1917இல் ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸில் பிறந்தவர். அப்பா டாக்டர். பொம்மைச் சோதனை என்று உலகம் அறிந்திருப்பதன் வேர் அவருடைய முதுகலை ஆய்வேடு. உலகம் அதை அவர் கணவர் கென்னத் பெயரில்தான் அறிந்திருக்கிறது.

சோதனை எளியது. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் 253 பேர்; 134 பேர் ஆர்க்கன்சாவில் கறுப்பினத்தவருக்கென்று பிரித்துவைத்த தனிப்பள்ளிகளில் படித்தவர்கள், 119 பேர் வடக்கே மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் கலப்புப் பள்ளியில் படித்தவர்கள். முன்னால் நான்கு பொம்மைகள். விளையாட உனக்குப் பிடித்ததைக் கொடு. நல்ல பொம்மை எது? பார்க்க மோசமாக இருப்பது எது? இப்படிப் போய், கடைசியில் உன்னைப் போல இருப்பது எது? விளையாட 67 சதவீதம் பேர் வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். மோசம் என்று 59 சதவீதம் பேர் பழுப்புப் பொம்மையைக் காட்டினார்கள். கடைசிக் கேள்வி வரும்போது வடக்கத்திக் குழந்தைகளில் சிலர் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

திருச்சியில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே பெரிய பொம்மைக்கும் மஞ்சள் முடி, நீலக் கண். படுக்க வைத்தால் கண் மூடும். அதற்கு நாங்கள் பட்டுப்பாவாடை கட்டிவிடுவோம். 'வெயில்ல நிக்காதே, கறுத்துடுவே' என்று என் அம்மா சொன்னதைத்தான் அக்காவும் இவளிடம் சொல்லி வளர்த்தாள். 1975இல் சந்தைக்கு வந்த சிவப்பழகு கிரீம் 2020இல்தான் தன் பெயரிலிருந்து சிவப்பைக் கழற்றிக்கொண்டது. கிரீம் இன்னும் விற்கிறது. நம்மூர்ப் பால்வாடியில் இந்த நான்கு பொம்மைகளை வைத்துக் கேட்டால் என்ன வரும் என்று யோசித்துக்கொண்டே 116ஆம் தெருவில் செனகல்காரர்களின் கடையில் சாப்பிட்டோம். நொய்யரிசியைத் தக்காளியிலும் மீன் சாற்றிலும் வேகவைத்து, மேலே ஒரு முழு மீன் துண்டும் கேரட்டும் முட்டைக்கோசும் மரவள்ளியும். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தனியாக ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார் கடைக்கார அம்மா. எல்லாருக்கும் அது கிடையாதாம்.

கொலம்பியா பல்கலைக்கழகம் அங்கிருந்து நடக்கிற தூரம். மேமி அங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது உளவியல் துறையில் அவரைத் தவிர இன்னொரு கறுப்பின மாணவர் இல்லை. கணவர் 1940இலேயே அங்கே பட்டம் வாங்கி முடித்திருந்தார். மேமி படிப்புக்கு நடுவே இரண்டு குழந்தைகளைப் பெற்று, 1943இல் முடித்தார். வழிகாட்டி ஹென்றி காரெட். இனங்களுக்கு இடையே அறிவில் பிறவி வேறுபாடு உண்டு என்று நம்பிய மனிதர். பட்டம் முடிந்ததும் தெற்கே போய்க் கறுப்பினப் பள்ளியில் வாத்தியார் வேலை பார் என்று இவரிடம் சொன்னதாகச் சொல்வார்கள்.

அதே வளாகத்தில் லேமன் நூலகத்தில் அம்பேத்கரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. 1916 மே மாதம், இருபத்தைந்து வயது மாணவராக, ஒரு மானுடவியல் வகுப்பில் இந்தியாவின் சாதிகள் பற்றிய கட்டுரையை அவர் வாசித்தது இங்கேதான். மாணவக் கட்டுரைதானே என்று அதை இன்று யாரும் ஒதுக்குவதில்லை. சிலையின் முன் அக்கா மகள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "இதுல ஒரே ஆள் பேருதான் சித்தி" என்றாள். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

பட்டம் வாங்கிய மேமிக்கு வேலை கிடைக்கவில்லை. கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண் 1940களின் நியூயார்க்கில் உளவியலாளர் வேலை தேடி அலைந்தார். 1946இல் அப்பாவிடம் 946 டாலர் கடன் வாங்கி, ஹார்லெமின் டன்பார் குடியிருப்பில் நிலவறை வீடு ஒன்றில் கணவரோடு சேர்ந்து குழந்தைகளுக்கான நார்த்சைடு மையத்தைத் தொடங்கினார். அப்பகுதிப் பள்ளிகள் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்திய பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டிவந்தார்கள். மேமி மறுபடியும் சோதித்துப் பார்த்தார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த முத்திரை பொருந்தவே இல்லை. டன்பார் இன்றும் நிற்கிறது, உள்முற்றத்தோடு கூடிய பழுப்புச் செங்கல் கட்டடம். நாங்கள் போனபோது வாசலில் இரண்டு பேர் ஒரு சோபாவைக் கதவுக்குள் நுழைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்கள். நார்த்சைடு மையம் ஹார்லெமிலேயே வேறிடத்துக்குப் போய் இன்றும் நடக்கிறது. மேமி 1979 வாக்கில் ஓய்வு பெறும்வரை அதை நடத்தினார். பொம்மையைவிட இதுதான் அவருடைய பெரிய வேலை என்பது என் கட்சி.

ஹவார்டு, வாஷிங்டன்

வாஷிங்டன் என்றால் வெள்ளை மாளிகை என்று வருகிறவர்கள் ஜார்ஜியா அவென்யூ மேட்டில் ஏறிப் பார்ப்பதில்லை. அங்கே 1867இல் தொடங்கிய ஹவார்டு பல்கலைக்கழகம். மணிக்கூண்டு வைத்த ஃபவுண்டர்ஸ் நூலகம் 1939இல் திறந்தது. மேமி ஆய்வேட்டை முடித்த அதே ஆண்டு. படிகளில் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் காதில் இயர்ஃபோனோடு ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பரீட்சையோ பாட்டோ தெரியவில்லை.

பதினாறு வயது முடிந்த கையோடு இங்கே வந்த மேமி எடுத்தது கணிதமும் இயற்பியலும். பெண் பிள்ளைகளைக் கணிதப் பேராசிரியர்கள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. உளவியல் முதுகலை மாணவராக இருந்த கென்னத், துறையை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அந்தத் துறையின் தலைவர் பிரான்சிஸ் சம்னர், 1920இல் அமெரிக்காவில் உளவியல் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். மேமியும் கென்னத்தும் 1937இல் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1938 கோடையில் வில்லியம் ஹூஸ்டனின் வழக்கறிஞர் அலுவலகத்தில் மேமி செயலர் வேலை பார்த்தார். இனப் பிரிவினைக்கு எதிரான வழக்குகளுக்கு அங்கேதான் ஆள் வருவதும் போவதும். துர்குட் மார்ஷல் போன்ற வழக்கறிஞர்கள் பேசுவதை இருபத்தொரு வயதில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

அதன்பிறகு வந்ததுதான் ஆய்வேடு. வாஷிங்டனின் கறுப்பின மழலையர் பள்ளிகளில் 150 குழந்தைகள். அப்போது பொம்மை கிடையாது, கோட்டோவியங்கள்தான். வெள்ளைப் பையன், கறுப்புப் பையன் படங்களைக் காட்டி, இதில் நீ எது, உன் அண்ணன் எது என்று கேட்டிருக்கிறார். 'நான்' என்ற உணர்வு குழந்தைக்கு எப்போது வருகிறது, அதோடு நிறமும் எப்போது ஒட்டிக்கொள்கிறது என்பதே கேள்வி. அந்த ஆய்வு 1939இல் இதழில் வெளிவந்தபோது இருவர் பெயரும் இருந்தன. கென்னத் பெயர் முதலில், மேமி பெயர் இரண்டாவது. இது மேமியின் ஆய்வு, நான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவன் என்று கென்னத்தே பின்னாளில் பலமுறை சொன்னார். ஆனால் அச்சில் ஏறிய வரிசை ஏறியதுதான்.

மாணவ ஆய்வாளர் கூட்டம் ஒரு ஹோட்டலின் நிலவறை மண்டபத்தில் நடந்தது. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு இலை போட்டமாதிரி வரிசை வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு போஸ்டர், பக்கத்தில் ஒரு மாணவர். ரயிலில் கொண்டுவந்த நீளக் குழாயிலிருந்து அக்கா மகள் தன் போஸ்டரை உருவினாள். சுருண்டு சுருண்டு மேலே போனது. நான் ஒரு முனையைப் பிடிக்க அவள் குண்டூசி குத்தினாள். அடுத்த பலகைக்காரர் ஓக்லஹோமாவிலிருந்து வந்த பூர்வகுடி மாணவர். தன் இனத்துப் பெரியவர்கள் துக்கத்தை எப்படிப் பேசுகிறார்கள் என்பது அவர் ஆய்வு. அவருடைய கேள்வித்தாளை ஊர்ச்சபை திருப்பி அனுப்பிவிட்டதாம். முதலில் ஒரு வருஷம் எங்களோடு சமையல்கட்டில் நில், அப்புறம் கேள்வி கேள் என்றார்களாம். நின்றிருக்கிறார். "அந்த வருஷத்துக்கு இந்தப் போஸ்டரில் இடமே இல்லை" என்று சிரித்தார்.

ஆட்கள் காபிக் கோப்பையோடு நடந்துபோனார்கள். பெரும்பாலானவர்கள் முதலில் படித்தது தலைப்பை அல்ல, பெயர்களை. யாருடைய மாணவி என்று தெரிந்துகொண்டு, பிறகுதான் கண் கீழே இறங்கும். இதை நான் ஒரு மணிநேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

வெள்ளை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துக் கண்டதையெல்லாம் மனித மனம் என்று எழுதிய துறை உளவியல். 1968இல் கறுப்பின உளவியலாளர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். 1971இல் கென்னத் கிளார்க் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். 1999இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் ரோஸி பிங்கம், லிசா போர்ஷே-பர்க், டெரால்டு விங் சூ, மெல்பா வாஸ்கெஸ் நால்வரும் பன்முகப் பண்பாட்டு உளவியலுக்கென்றே தேசிய மாநாடு ஒன்றைத் தொடங்கினார்கள். மாணவ ஆய்வுகளுக்கு மேடையும் பரிசும் நிதியும் இப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தன. சை கை என்ற உளவியல் மாணவர் அமைப்பு மேமி பிப்ஸ் கிளார்க் பெயரிலேயே ஆய்வு நிதி தருகிறது. 1939இல் மேமிக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவருக்குக் கிடைத்தது ரோசன்வால்ட் நிதி. ஆய்வேட்டைப் பார்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் பொம்மைச் சோதனை நடந்தது. பதக்கம் கொடுத்தால் சுவரில் மாட்டலாம். பணம் கொடுத்தால் அடுத்த ஆய்வைச் செய்யலாம். மாணவர்களைக் கௌரவிக்கிறேன் என்று சால்வையோடு கிளம்புகிற நம்மூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

அக்கா மகளுக்கு ஒரு சான்றிதழும் சிறு காசோலையும் கிடைத்தன. அன்றிரவு எத்தியோப்பியக் கடைக்குப் போனோம். அந்த நகரத்தில் அவர்கள் கடைக்குப் பஞ்சமில்லை. தெஃப் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்செரா ஒரு தாம்பாளம் அளவுக்கு விரிந்து கிடந்தது. அதன்மேல் பருப்பு, கீரை, காரமான கோழிக்குழம்பு. ஒரே தட்டு, எல்லார் கையும் அதில். எங்களுக்குப் பரிமாறிய அம்மாவின் மகன், ஏழெட்டு வயது இருக்கும், கல்லாப் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தான். போன் அடித்தது. எடுத்து ஆங்கிலத்தில் பேசினான், திரும்பி அம்மாவிடம் அம்ஹாரிக்கில் கேட்டான், மறுபடி ஆங்கிலம். வைத்துவிட்டுக் கழித்தல் கணக்குக்குத் திரும்பிவிட்டான். அக்கா மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிச்மண்ட், வர்ஜீனியா

காரில் இன்டர்ஸ்டேட் 95 பிடித்துத் தெற்கே வந்தால் ரிச்மண்ட். உள்நாட்டுப் போரில் தெற்கத்தியக் கூட்டமைப்பின் தலைநகர். சட்டமன்ற வளாகத்தில் 2008இல் வைத்த சிற்பத் தொகுதி ஒன்றில் பள்ளி மாணவி ஒருத்தி கையை நீட்டி நிற்கிறாள். பார்பரா ஜான்ஸ். 1951 ஏப்ரலில், பதினாறு வயதில், ஃபார்ம்வில் ஊரின் மோட்டன் பள்ளியில் மாணவர் வேலைநிறுத்தத்தை நடத்தியவள். இடம் போதாத பள்ளிக்குத் தார்த்தாள் கொட்டகை கட்டிக்கொடுத்திருந்தார்கள், மழையில் ஒழுகும். அதிலிருந்து பிறந்த வழக்கு 1952 பிப்ரவரியில் இந்த நகரத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது.

வர்ஜீனியா மாநிலத் தரப்பு, தனிப்பள்ளிகள் சரிதான் என்று சாட்சி சொல்ல ஓர் உளவியலாளரைக் கொண்டுவந்தது. ஹென்றி காரெட். கொலம்பியாவின் பேராசிரியர், அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னாள் தலைவர். அவருக்கு மறுப்பு சொல்ல எதிர்த்தரப்பு கூட்டிவந்தது அவர் கீழே பட்டம் பெற்ற மாணவியை. மேமி கூண்டில் ஏறி, தன் வழிகாட்டியின் வாதத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

"உன்னால முடியுமா?" என்று அக்கா மகளிடம் கேட்டேன். "என் கைடு நல்லவங்க சித்தி" என்றாள். கொஞ்சதூரம் போனபின், "ஆனா இந்தப் பேப்பர்ல முதல் பேரு அவங்களோடது" என்றாள். போஸ்டரில் இவள் பெயர் முதலில் இருந்தது. அதையே கட்டுரையாக்கி இதழுக்கு அனுப்பும்போது வரிசை மாறியிருக்கிறது. நிதி அவர் வாங்கியது, திட்டம் அவருடையது, அதனால் அப்படி. இரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியது இவள். நியூயார்க்கில் சிலை முன்னால் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் எட்டியது.

அந்த வழக்கை அந்த நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1954இல் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னபிறகு, ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம் 1959இல் அரசுப் பள்ளிகளை மொத்தமாக மூடியது. ஐந்து வருஷம். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி நடந்தது. மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

சம்மர்டன், தென் கரோலினா

மண் நிறம் மாறுகிறது. வட கரோலினாவில் செம்மண்ணாக இருந்தது, கீழே வர வர மணலாகிறது. பைன் மரங்கள், பருத்தி வயல்கள், நடுவில் தனித்தனி வீடுகள், வீட்டுக்கு ஒரு தேவாலயம் இருக்குமோ என்று தோன்றும் அளவுக்குத் தேவாலயங்கள். பெட்ரோல் போட நின்ற இடத்தில் சாலையோரம் ஒரு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. கிட்டே போனால் வேர்க்கடலை! தோலோடு, உப்புப் போட்டு வேகவைத்தது. தென் கரோலினாவின் அதிகாரபூர்வ நொறுக்குத்தீனியே இதுதானாம். ஒரு பெரிய பை வாங்கினோம். உரித்தால் உப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிகிறது. காருக்குள் இருவரும் சாப்பிட்டு இருக்கையெல்லாம் தோல். நம்மூரில் பச்சைக்கடலையை அவித்தவுடன் தின்போம். இவர்கள் மணிக்கணக்கில் வேகவிட்டு, மொச்சைப் பதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது. அவளுக்கு நம்மூர்ப் பதம்தான் சரி.

சம்மர்டன் கிளாரண்டன் மாவட்டத்துச் சிற்றூர். ஒரு கடைத்தெரு, பாதிக் கடைகள் பூட்டு. 1940களில் இந்த மாவட்டத்தின் வெள்ளைப் பிள்ளைகளுக்கு முப்பது பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஒன்பது மைல் நடந்து வந்த பிள்ளைகள் உண்டு. அணை கட்டித் தண்ணீர் தேங்கியபின், ஓடையைப் படகில் கடந்து பள்ளிக்கு வந்தவர்களும் உண்டு. ஒரு வெள்ளை மாணவருக்கு ஆண்டுக்கு 179 டாலர் செலவழித்த மாவட்டம், ஒரு கறுப்பின மாணவருக்குச் செலவழித்தது 43 டாலர். லீவை பியர்சன் என்ற விவசாயி ஒரு பேருந்து கேட்டார். அவருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜோசப் டிலெய்ன் என்ற பாதிரியார்-ஆசிரியர் ஊரைத் திரட்டினார். 1949 நவம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு போனது.

அகரவரிசைப்படி முன்னால் நின்ற பெயர் பிரிக்ஸ்; மனு வழக்கானபோது அந்தப் பெயரிலேயே ஆனது. பெட்ரோல் பங்க் ஊழியர் ஹாரி பிரிக்ஸ், மோட்டலில் அறை துப்புரவு செய்த அவர் மனைவி எலைசா. இருவருக்கும் வேலை போயிற்று. டிலெய்னின் வீடு 1951இல் எரிந்தது; தீயணைப்பு வண்டிக்காரர்கள், எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். 1955இல் லேக் சிட்டியில் அவர் தேவாலயமும் எரிந்தது. தன்னைச் சுட்டவர்களைத் திருப்பிச் சுட்டதற்காக அவர்மேல் கைது ஆணை. தப்பி நியூயார்க் போனவர் திரும்பவே இல்லை. 1974இல் இறந்தார். கைது ஆணை விலகியது 2000இல்.

அந்த வழக்குக்காக இந்த ஊருக்கு 1951 மே மாதம் கென்னத் கிளார்க் பொம்மைகளோடு வந்தார். ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளியில் ஆறு முதல் ஒன்பது வயதுள்ள பதினாறு குழந்தைகளிடம் கேட்டார். பத்துப் பேர் வெள்ளைப் பொம்மை பிடிக்கும் என்றார்கள். பதினொரு பேர் பழுப்புப் பொம்மை மோசம் என்றார்கள். உன்னைப் போல இருப்பது எது என்றதற்கு ஏழு பேர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள்.

லிபர்ட்டி ஹில் தேவாலயத்தில் ஞாயிறு வழிபாடு முடிந்திருந்தது. தொப்பி வைத்த மூதாட்டிகள் வெளியே நிழலில் நின்றார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். இந்தியா என்றதும் என் கையைப் பிடித்துத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். "நீ என்னைவிடக் கறுப்பு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார். சோறு, பன்றி ஹாஷ் என்கிற மைய வெந்த குழம்பு, கீரை, சர்க்கரைவள்ளி அடை. ஆளுக்கு ஒரு நெகிழித் தட்டு. பொம்மைச் சோதனை பற்றிக் கேட்டோம். அவர் அந்தப் பதினாறில் இல்லை. அப்போது பாட்டி வீட்டில் பருத்திக் காட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். "பொம்மையைப் பற்றி எல்லாரும் வந்து கேட்கிறார்கள். நாங்கள் கேட்டது பஸ்" என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். தீர்ப்பு வந்தபின் இங்கே பள்ளிகள் கலந்தனவா என்று கேட்டதற்கு, "வெள்ளைக்காரப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள், இன்னும் திரும்பவில்லை" என்றார். பழைய ஸ்காட்ஸ் பிராஞ்ச், சம்மர்டன் உயர்நிலைப்பள்ளி இரண்டையும் 2022இல் வந்த சட்டம் தேசிய வரலாற்றுப் பூங்காவின் கீழ்க் கொண்டுவந்தது. ஹாரி, எலைசா பிரிக்ஸ், டிலெய்ன், பியர்சன் நால்வருக்கும் அமெரிக்கக் காங்கிரஸின் தங்கப் பதக்கம் கிடைத்தது. யாரும் அப்போது உயிரோடு இல்லை.

சார்ல்ஸ்டன்

கடல் வாசம் வந்தது. பனை இனத்து மரங்கள், வராந்தா வைத்த வீடுகள், சந்தையில் இனிப்புப்புல் கூடை முடையும் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கல்லா இனத்தவர். இறாலும் சோளக் குருணைக் கூழும் காலைச் சாப்பாடு. இந்த ஊரின் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதை யார் நெல் விளைவித்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்று தெரிந்தபின் கொஞ்சம் தடுமாறும்.

பிராட் தெரு முனையில் கூட்டாட்சி நீதிமன்றம். 1951 மே 28 அன்று பிரிக்ஸ் வழக்கு இங்கே விசாரணைக்கு வந்தது. கிளாரண்டனிலிருந்து விடியும் முன்பே கிளம்பி வந்தவர்கள் படிக்கட்டு முழுக்க நின்றார்கள். மனுதாரர்களின் வழக்கறிஞர் ராபர்ட் கார்ட்டர் கேட்கக் கேட்க, கென்னத் பதினாறு குழந்தைகளின் கதையைச் சொன்னார். பொம்மையை வைத்து வழக்காடுவதா என்று தங்கள் தரப்பு வக்கீல்களிலேயே சிலர் சலித்துக்கொண்டார்கள். மூன்று நீதிபதிகளில் இருவர் பிரிவினை செல்லும் என்றார்கள். மூன்றாமவர் வேட்டீஸ் வேரிங், இந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். பிரிவினை என்பதே சமமின்மை என்று தனித் தீர்ப்பு எழுதினார். ஊர் அவரோடு பேச்சை நிறுத்தியது. மறுவருஷம் நியூயார்க் போய்விட்டார்.

உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஐந்து வழக்குகளில் பிரிக்ஸும் ஒன்று. தொகுப்புக்குத் தலைப்பாக நின்றது கன்சாஸ் மாநில வழக்கு, பிரௌன். வாதத்தில் தென் கரோலினாவுக்காக வந்த ஜான் டபிள்யூ. டேவிஸ், கிளார்க்கின் பழைய ஆய்வையே எடுத்துத் திருப்பி அடித்தார்: கலப்புப் பள்ளியில் படித்த வடக்கத்திக் குழந்தைகள்தானே வெள்ளைப் பொம்மையை அதிகம் கேட்டார்கள், பிரிவினையால் வந்த கேடு எங்கே? கேள்வி அசட்டுத்தனமானதல்ல. சம்மர்டனில் பதினாறே பேர், ஒப்பிட இன்னொரு குழு இல்லை. அக்கா மகளே சொன்னாள், இந்தச் சோதனையை இப்படியே இன்று அனுமதிக்குக் கொண்டுபோனால் ஒரு பிள்ளை அழுததுமே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்று. கேடு வகுப்பறைச் சுவருக்குள் மட்டும் இல்லை, தெருவிலும் கடையிலும் பொம்மையிலும் இருந்தது என்பதுதான் வடக்கத்திக் குழந்தைகளின் அழுகைக்குச் சரியான விளக்கமாக எனக்குப் படுகிறது.

1954 மே 17 தீர்ப்பில் பதினொன்றாம் அடிக்குறிப்பு சமூக அறிவியல் ஆய்வுகளைச் சொல்கிறது. முதலில் நிற்கும் பெயர் கென்னத் கிளார்க். மேமியின் பெயர் அதில் எங்கும் இல்லை.

நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வேரிங்கின் சிலை, 2014இல் வைத்தது. அந்த நீதிமன்றக் கட்டடத்துக்கு அப்போது எர்னஸ்ட் ஹாலிங்ஸ் என்ற செனட்டரின் பெயர். உயிரோடு இருந்த ஹாலிங்ஸ், என் பெயரை எடுத்துவிட்டு வேரிங் பெயரை வையுங்கள் என்று தானே கேட்டார். 2015இல் அப்படியே மாற்றினார்கள். பெயர்ப்பலகையை அக்கா மகள் இரண்டு முறை படித்தாள். பிறகு சாலையைக் கடந்து ஒரு மரத்தடியில் நின்று போனை எடுத்தாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து மிச்சமிருந்த கடலையை உரித்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் பேசினாள். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. வந்து உட்கார்ந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்னாங்க."

"முடியாதுன்னு சொல்லலையே?"

"சொல்லல. ஆனா ஒண்ணு கேட்டாங்க சித்தி. என் கூட வீடு வீடா வந்து வங்காளத்துல பேசுனாளே, பிஏ படிக்கிற பொண்ணு, அவ பேரு லிஸ்ட்ல எங்கேன்னு."

"எங்கே?"

"நன்றியுரையில வச்சிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.